ஆள் மாறிய பொன்னாடை

அன்று போனவர்கள் அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, நான். ஐந்து பேர். அக்காவை இதில் சேர்க்க முடியாது. அவள் பார்க்க வந்தவள் அல்ல, நாங்கள் பார்க்கப் போனவள். சனிக்கிழமை காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். பெரியம்மாவின் கைப்பைக்குள், மேலுறை பிரிக்காத பொன்னாடை ஒன்றும் எங்களோடு மெட்ரோவில் வந்தது.

பொன்னாடை பெரியப்பாவின் ஏற்பாடு. மொன்றியலில் தமிழர் மேடை என்று ஒன்று போட்டால், அதில் ஏறி யாருக்காவது பொன்னாடை போர்த்தாமல் அவர் இறங்கியதில்லை. அக்காவின் உயர்நிலைப் பள்ளியில் இசை நாடகம் என்று கேள்விப்பட்டதும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"பிள்ளையைப் பழக்கின ஆளை வெறுங்கையோட போய்ப் பாக்கிறதே, தங்கச்சி? எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? பழக்கினவ பொம்பிளையெண்டால் நீர்தான் போர்க்கவேணும்."

அம்மா ஓம் என்றார். பெரியப்பாவிடம் வேறு எதுவும் சொல்ல இயலாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பயப்படுவதுதான் என் முழுநேர வேலை. லிஃப்ட் நின்றுவிடுமோ, அப்பா வேலைக்குப் போன இடத்தில் பனியில் சறுக்கி விழுந்திருப்பாரோ, மூலைக் கடைக்காரர் பிரெஞ்சில் ஏதாவது கேட்டு எனக்குப் பதில் வராமல் போகுமோ என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அன்று பயப்பட உண்மையிலேயே காரணம் இருந்தது. அக்கா வீட்டில் சொன்னது, நாடகத்தில் கூட்டத்தோடு நின்று பாடுகிறேன் என்று. அவள் சியர்லீடிங் குழுவில் இருந்ததும், கடைசிக் காட்சியில் அந்தக் குழு ஒருத்தியை மேலே தூக்கி எறிந்து பிடிக்கப் போவதும், அந்த ஒருத்தி அவள்தான் என்பதும் எனக்கு மட்டுமே தெரியும். அதற்கு முந்திய வாரம் அவள் உடுப்பு மாற்றும்போது இடுப்பில் கன்றியிருந்ததைப் பார்த்துவிட்டேன்.

"விழுந்தனியா?"

"விழேல்லை. பிடிக்கேக்க முழங்கை இடிச்சது. அம்மாட்டச் சொன்னியெண்டால் பேந்து உன்னோட கதைக்கவே மாட்டன்."

சொன்னால் அக்கா கதைக்கமாட்டாள். சொல்லாவிட்டால் அக்கா செத்துப்போவாள். அந்த வாரம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் சோறு இறங்காமல் இருந்தேன். அக்காவோ குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே "சாங், சிஸ், செத், உய்த்" என்று பிரெஞ்சில் ஐந்திலிருந்து எட்டு வரை எண்ணுவாள், பிறகு மறுபடியும் ஐந்து. இவள் ஏன் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

நாடகம் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில். பெரியப்பா முன்வரிசையில் எங்களை உட்கார வைத்துவிட்டு மேடையில் குத்துவிளக்கைத் தேடினார்.

"விளக்கும் இல்லை, வரவேற்புரையும் இல்லை. சும்மா தொடங்கிட்டினமே."

கதையைப் பிள்ளைகளே எழுதியிருந்தார்கள். ஆற்றுக்கு அடியில் போகும்போது மெட்ரோ நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு தாதி, ஒரு கிழவர், கல்யாணத்துக்குப் போகும் மாப்பிள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லோரும் பாட்டிலேயே சண்டை பிடித்து, பாட்டிலேயே சமாதானமானார்கள். அப்பா என் பக்கம் குனிந்தார்.

"என்னவாம்?"

"ஆத்துக்குக் கீழ நிண்டிட்டுதாம். ஒருத்தற்ற போனிலயும் சிக்னல் இல்லையாம்."

"பேந்து?"

"ஆரோ மேல ஏறிப் பிடிக்கவேணுமாம்."

சொல்லிவிட்டு நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு நின்று மேளம் மட்டும் அடித்தது. நான்கு பெண்கள் நடுவில் வந்து குனிந்தார்கள். அவர்களில் வலப் பக்கம் நின்றவள் மிகப் பெரியவள், ஹெயிட்டிக் குடும்பத்துப் பிள்ளை, அகன்ற தோள், இரண்டு மணிக்கட்டிலும் வெள்ளை நாடா சுற்றியிருந்தாள். சாங், சிஸ், செத், உய்த். அக்கா அவர்களுடைய கைகளில் கால் வைத்தாள்.

அதன் பிறகு அவள் போய்க்கொண்டே இருந்தாள். தோள்களைத் தாண்டினாள், தலைகளைத் தாண்டினாள். கூடைப்பந்து வளையம் அவளுக்குக் கீழே போய்விட்டது. அங்கே, நான்கு பேரின் உள்ளங்கைகளில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைக் காதோடு பிடித்து, போனைக் காதில் வைத்து "அலோ?" என்றாள். மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வைக்காக என்னோடு இழுபடுகிறவளா இவள்? வெளிச்சம் முழுக்க அவள் மேலேயே விழுந்தது. அவளுக்கு எடை என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. பிறகு அவர்கள் அவளை எறிந்தார்கள். அவள் கூரைக்குக் கிட்டப் போய், அங்கே ஒரு கணம் தங்கி, பிறகுதான் சுழலத் தொடங்கினாள்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு பேரும் அண்ணாந்திருக்க, அம்மாவின் கண் மட்டும் நேரே மேடைத் தரையில் நின்றது. பயத்தில் பார்க்கமாட்டாமல் இருக்கிறார் என்று நினைத்தேன்.

"அம்மா, மேல பாருங்கோ. அக்கா மேல நிக்கிறாள்."

"பாக்கிறன்" என்றார். கண்ணை எடுக்கவில்லை.

நான் திரும்பியபோது அக்கா கீழே கைகளில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மண்டபம் எழுந்து நின்றது. அப்பாவும் எழுந்து நின்றார், கைதட்ட மறந்து. "உது எங்கட பிள்ளையே?" என்று மட்டும் கேட்டார். பெரியப்பா பெரியம்மாவிடம், "கூட்டத்தோட நிண்டு பாடுறாளெண்டல்லோ சொன்னவை" என்றார்.

பிறகு வெளியே நடைபாதையில் பயிற்சியாளரைத் தேடினோம். தொப்பி போட்ட மெலிந்த பையன் ஒருவன் மெத்தைகளைச் சுமந்துகொண்டு வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். பொன்னாடை போர்த்துவதைப் படம் எடுக்க மறைக்கிறது என்று பெரியப்பா அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார். அதற்குள் அம்மா பொன்னாடையை விரித்துக்கொண்டு நேரே அந்தப் பெரிய பெண்ணிடம் போய்விட்டார். எட்டாமல் நுனிக்காலில் நின்றார். அவள் ஒன்றும் விளங்காமல் குனிந்து கொடுத்தாள். போர்த்திய பிறகும் அம்மா அவளுடைய நாடா சுற்றிய கையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"மெர்சி, மதாம்" என்று நன்றி சொன்னாள் அவள்.

அக்கா ஓடிவந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, இவ ரீச்சர் இல்லை. என்ர வகுப்புப் பிள்ளை. பழக்கினவர் அவர்தான்" என்று மெத்தைக்காரனைக் காட்டினாள்.

"ஓமோ" என்றார் அம்மா. பொன்னாடையைத் திருப்பிக் கேட்கவில்லை. பெரியப்பாவுக்கு முகம் செத்துப்போனது.

எங்கள் குடும்பத்தில் பிறந்தநாளோ பூப்புனித நீராட்டோ, நாலு பேர் கூடினால் இந்தக் கதை வந்துவிடும். அம்மா நுனிக்காலில் நின்றதை நடித்துக் காட்டுவது என் பங்கு. நானும் அதே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, பரீட்சைப் பயத்தில் முடிக்காமலே விட்டு, ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி அடுக்கப் போன பிறகும் அந்த நடிப்பை விடவில்லை. அம்மாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார். ஆள் மாறவில்லை என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை.

அன்று திரும்பி வரும்போது எங்களுக்கு மெட்ரோவில் இடம் கிடைத்தது. அக்கா ஜன்னலோரம், நடுவில் அம்மா, இந்தப் பக்கம் நான். வண்டி இடையில் நின்றுவிடுமோ என்ற கவலையில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஏசப்போகிறார் என்று அக்கா தலையைக் குனிந்திருந்தாள்.

"அந்தப் பிள்ளைக்குக் கை நோகேல்லையாமோ?" என்றார் அம்மா.

"எந்தப் பிள்ளைக்கு?"

"வலப் பக்கம் நிண்டவள். நீ கீழ வரேக்க பக்கத்தில நிண்டவளுக்குக் கால் இடறிச்சுது. உவள்தானே உன்னைத் தனியத் தாங்கினவள்."

அக்கா அம்மாவின் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினாள். இவ்வளவு கைதட்டல் வாங்கிவிட்டு இவள் ஏன் அழுகிறாள், சொந்தப் பிள்ளை கூரை வரை போய் வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அம்மா ஏன் ஆரோ ஒருத்தியின் கையை விசாரிக்கிறார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த தரிப்பில் இறங்கவேண்டும், கதவு மூடுவதற்குள் ஐந்து பேரும் இறங்கிவிடுவார்களா, இன்று ஆறு பேரல்லவா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.