ஜோர்ஜ் மன்னரின் தலைமேல் ஓர் ஓட்டை

கூரை ஒழுகுகிறது. சேர்த்த காசுகளை விற்றாவது திருத்துவோம் என்று, போன கிழமை ஒரு வியாபாரித் தம்பியைக் கூப்பிட்டேன். வெள்ளைக்காரன் காலத்துக் காசுகளைக் கையுறை போட்டுக்கொண்டு வரிசையாக அடுக்கிவந்தவர், ஒன்றை மட்டும் ஓரமாகத் தள்ளினார்.

"அன்ரி, இது பழுது. யாரோ ஓட்டை போட்டிருக்காங்க. எடைக்குத் தாங்க, உருக்கிடலாம்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அந்த யாரோ நான்தான் தம்பி" என்றேன். அவர் முழித்த முழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

காசுகள் கிடக்கும் தகரப் பெட்டியைத் திறந்தால் இன்னமும் புளிவாசம் வரும். காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை. அப்படித் தேய்க்கக் கூடாதாம், பிறகுதான் அறிந்தேன். படுவான்கரையில் படிப்பித்த நாட்கள் அவை. வாவியைக் கடக்க ஒரு மிதவைதான், அதற்கு எங்கள் பக்கம் 'பாதை' என்று பெயர். பாதை கரை தட்டுமுன்னே பிள்ளைகள் "காசு ரீச்சர் வாறா!" என்று கத்துவார்கள். பொம்பிளைக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று பெரியவர்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. என் சம்பளம், என் பைத்தியம்.

ஒருநாள் என் மாணவன் ஒருவனின் தாய், தங்கம்மா, சேலைத் தலைப்பில் முடிந்து ஒரு வெள்ளிக் காசு கொண்டுவந்தார். ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட ஐம்பது சதம். மகன் குழந்தையாயிருந்தபோது அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியது. கிரீடத்துக்கு மேலே ஓட்டை. அத்தனை தேசத்தை ஆண்ட மன்னர் எங்களூர்ப் பிள்ளையின் அம்மண இடுப்பில் தொங்கியிருக்கிறார், பாருங்கள்!

"அவன் வளந்திட்டான். நீங்க வெச்சிரிங்க ரீச்சர்."

என் புத்தி எங்கே மேயப் போனதோ! ஓட்டை கண்ணை உறுத்தியது. தட்டாரிடம் கொடுத்து, வெள்ளி வைத்து அடைத்து முழுக் காசாக்கினேன். பெருமை வேறு.

சில வருடங்கள் கழித்து, அந்த மகன் வயல்வட்டைக்கு மாடு பார்க்கப் போனான். வயலுக்குப் போனவர்கள் திரும்பாத சண்டைக்காலம் அது. அவனும் திரும்பவில்லை. வீடும் எரிந்து, அவன் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தங்கம்மா பாதை ஏறி என்னைத் தேடி வந்தார்.

"என்ட புள்ளட காச ஒருக்கா காட்டுங்க ரீச்சர்."

கொடுத்தேன். விரலால் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இது இல்ல. அதில ஓட்டை இரிக்கும்."

வெட்கத்தில் செத்துப்போனேன். சுத்தியலும் ஆணியும் எடுத்துவந்து, அவர் பார்த்திருக்க, அதே இடத்தில் ஓங்கி அறைந்தேன். ஓட்டை கோணலாகத்தான் விழுந்தது. தங்கம்மா காசை வாங்கி ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஓம். இதுதான்."

இருவரும் அழுதோம். கொண்டுபோகச் சொன்னேன். "வேணாம். என்ட கையில ஒண்ணும் தங்குதில்ல. நான் வந்து பாக்கிறன்" என்றார். மாதம் தவறாமல் வந்தார்.

இப்போது பாதை இல்லை, பாலம் வந்துவிட்டது. பிள்ளைகளின் இடுப்பில் காசு கட்டுவாரும் இல்லை. தங்கம்மாவும் போய்விட்டார்.

"மிச்சத்தை விலை பேசுங்க தம்பி. இதில கை வைக்காதீங்க" என்று பிடுங்கி வைத்துக்கொண்டேன். இதற்காகக் கூரையில் ஓர் ஓட்டை மிஞ்சினால் மிஞ்சட்டும். அந்தப் பிள்ளை என்றைக்காவது வந்து அம்மா எங்கே என்று கேட்டால், எடுத்துக் காட்ட என்னிடம் இதுதான் இருக்கிறது.