முப்பத்தொன்றுக்குப் போன மண்பாதை

பெர்லினில் இருந்து மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு வீட்டுக்கு நாங்கள் நான்கு நாள் எடுத்துப் போனோம். பெருந்தெருக்களை விட்டு, காட்டு மண்பாதைகளாலும் வயலோரப் பாதைகளாலும் போனோம். ஏரிக்கரைகளில் அனுமதியுள்ள இடம் பார்த்துக் கூடாரம் அடித்தோம். கேம்பிங் போவோம் என்று சொன்னவன் என் நண்பன். ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு கூடாரத்துக்குள் தலையை நீட்டிப் பார்க்காதவன். அகதிகள் விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் அவனோடு கிடந்தவர்கள் நானும் இன்னொரு நண்பனும். அந்த நண்பன் இப்போது பஸ் ஓட்டுகிறான். நாங்கள் இரண்டு பேரும் ஏன் என்று கேட்கவில்லை.

காரணம் தெரியும். மனைவி இறந்தபின் அவனுக்கென்று இருந்தது ஒரே மகள். அவள் ஒரு ஜெர்மன்காரனைக் கட்டிக்கொண்டு மெக்லென்பூர்க்கில் ஏதோ ஒரு குக்கிராமத்தில் இருந்தாள். கலியாணத்துக்கு இவன் போகவில்லை. இரண்டு வருடமாகப் பேச்சும் இல்லை. இப்போது அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்திருந்தது. என் மனைவியின் போனுக்கு வந்த படத்தை அவன் கண்ணாடி போட்டுப் பார்த்தான், பிறகு கழற்றிப் பார்த்தான். பேத்தியைப் பார்க்கவேண்டும், மகள் கதவைத் திறப்பாளோ தெரியாது. அதைத்தான் கேம்பிங் என்றான்.

"துடக்குக் கழியாமல் போகேலாது மச்சான். முப்பத்தொண்டுக்குத்தான் போகவேணும்."

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்கு என்ற பிறப்புத் தீட்டைக் கழித்துச் சமைத்து, சொந்தக்காரர் வந்து பிள்ளைக்குப் பஞ்சாயுதச் சங்கிலி போடுவது எங்கள் வழக்கம். அதுவரை வீட்டில் இருந்தால் மனம் மாறிவிடும் என்று பயந்து முன்கூட்டியே வெளிக்கிட்டிருந்தான்.

"ஜெர்மன்காரருக்கும் துடக்கு இருக்கோ?" என்று பஸ்காரன் கேட்டான்.

நண்பன் அடுத்த ஊர் வரும்வரை யோசித்தான். "பாதி இருக்கும்," என்றான்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்திலெல்லாம் நீளமானதையே காட்டினான். இரண்டாம் நாள் பைன் காட்டுக்குள் கார் அச்சுவரை மணலில் புதைந்தது. பாரம் குறைக்கச் சாமான்களை இறக்கினோம். பத்துக் கிலோ அரிசி, இடியப்ப உரல், மிளகாய்த்தூள், பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்கும் சரக்குத்தூள், இரண்டு பூசணிக்காய். கூடாரம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. டிராக்டரில் வந்து இழுத்துவிட்ட விவசாயி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். கேம்பிங் என்றான் நண்பன். அவர் பூசணிக்காய்களைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலையிலேயே மகளின் ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். இன்னும் பத்துக் கிலோமீற்றர்தான். "நாளைக்குத்தான் முப்பத்தொண்டு," என்று சொல்லி ஒரு ஏரிக்கரையில் காரை நிறுத்தச் சொன்னான். பகல் முழுக்க அங்கேயே இருந்தோம். சட்டைப் பைக்குள் இருந்த சங்கிலியை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"போன் எடுத்து ஒரு சொல்லுச் சொல்லன்ரா. இந்த நாட்டிலை தலைமயிர் வெட்டவே முதலே நேரம் கேட்டு டெர்மின் எடுக்கவேணும்."

"பேத்தியைப் பாக்க டெர்மினோ?"

"பின்னை?"

"வரவேண்டாம் எண்டு சொன்னாள் எண்டால்?"

நான் கத்தியை எடுத்தேன். பூசணிக்காயை வெட்டினேன்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு அவன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு அந்த வீட்டு மணியை அடித்தான். நாங்கள் இரண்டு பேரும் அவனுக்குப் பின்னால் நின்றோம். மகள் பிள்ளையைத் தோளில் போட்டபடி கதவைத் திறந்தாள். தகப்பனைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"அப்பா, நேற்றெல்லோ முப்பத்தொண்டு."

அவன் விரல் மடித்து எண்ணத் தொடங்கினான்.

"பிறந்த நாளையும் சேர்த்தெல்லோ எண்ணுறது," என்றாள். "நீங்கள்தானே அம்மாவுக்குச் சொல்லுவியள். நேற்று விடியவே எழும்பிச் சமைச்சனான். நீங்கள் வருவியள் எண்டு பின்னேரம் வரைக்கும் இவருக்கும் சோறு குடுக்கேல்லை."

கூடத்துக்குள் நின்ற நெடிய மருமகன், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று விளங்கித் தலையை ஆட்டினான்.

நண்பன் எண்ணுவதை நிறுத்தினான். சங்கிலியை எடுத்தான். கொக்கியைக் கழற்ற முடியவில்லை. மகள் அதை வாங்கிக் கழற்றிக் கொடுத்தாள். அவன் பேத்திக்குப் போட்டுவிட்டான்.

"ஏதும் மிச்சம் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டான்.

"வடை இருக்கு. காஞ்சுபோச்சு."

"அதைத் தா," என்றான். வாசலில் நின்றபடியே, அழுதுகொண்டு தின்றான்.