சனிக்கிழமை மட்டும் நிக்கிற கார்

இன்னைக்கு காலையில திருவேற்காடு கோயில் வாசல்ல கத்திட்டேன்!

யாரோ புது கார் பூஜை போட்டுக்கிட்டு இருந்தாங்க. டயருக்கு எலுமிச்சம்பழம், முன்னாடி மாலை, எல்லாம் சரி. திடீர்னு அந்த வீட்டம்மா பானெட்டைத் திறந்து, சந்தனக் கிண்ணத்தோட உள்ள குனிஞ்சாங்க.

"அய்யோ, உள்ள வைக்காதீங்கம்மா!"

அர்ச்சகரே திரும்பிப் பார்த்தார். (என் வீட்டுக்காரர் பத்தடி தள்ளிப் போய் நின்னுக்கிட்டார், என்னைத் தெரியாத மாதிரி.)

ஏன் கத்தினேன்னு அவங்ககிட்ட விளக்க முடியல. உங்ககிட்ட சொல்றேன்.

தொண்ணூறுகளோட கடைசி. ஆவடி குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். அவருக்கு டாங்கி ஃபேக்டரியில வேலை. டிரான்ஸ்ஃபர்ல போன ஆபீசர் ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினோம். எங்க லைன்லயே முதல் கார்! அதுவும் சென்சர், கம்ப்யூட்டர் எல்லாம் வச்ச புது மாதிரி இன்ஜின்.

சாவி கொடுக்கும்போது அந்த ஆபீசர் பானெட்டைத் திறந்து, ஒரு சின்ன கறுப்பு டப்பாவைக் காட்டி, "இந்த சென்சர்தான் வண்டியோட உயிர்"னு சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்துச்சு.

பெருமை ஒரே வாரம். அடுத்த சனிக்கிழமை பூந்தமல்லி போற வழியில, பருத்திப்பட்டுல டேஷ்போர்டுல மஞ்சள் லைட். வண்டி நாலு குலுங்கு குலுங்கி நின்னுடுச்சு.

சேக்காட்டுல இருந்து மெக்கானிக் தாஸ் மொபெட்ல வந்து சேர்ந்தார். சாவியைத் திருப்பினார். உடனே ஸ்டார்ட்!

"வண்டி நல்லாத்தானே கீது யக்கா?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. அதுக்கடுத்த சனிக்கிழமையும்! ஞாயித்துக்கிழமையில இருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு குறையும் இல்லாம ஓடும்.

பேட்டரி மாத்தினோம். பிளக் மாத்தினோம். ஒயரிங்ல பாதி மாத்தினோம். அந்த சென்சரை மட்டும் யாரும் தொடல. ஒடஞ்சா பம்பாய்ல இருந்து வரணுமாம்.

சாயங்காலமானா குவார்ட்டர்ஸ் ஆம்பளைங்க பத்து பேர் பானெட்டைச் சுத்தி நிப்பாங்க. யுத்த டாங்கியையே பிரிச்சுக் கோர்க்கிறவங்க! ஒருத்தர் மணிக்கணக்கா மல்லுக்கட்டிட்டு வந்து, "இனிமே அந்த லைட் எரியாதும்மா"ன்னார்.

"சரி பண்ணிட்டீங்களாண்ணே?"

"பல்பைக் கழட்டிட்டேன்."

(காபி கொடுத்தேனே, அதைச் சொல்லணும்!)

சனிக்கிழமை மட்டும் நிக்குதுன்னா என்ன அர்த்தம்? எனக்குப் புரிஞ்சுபோச்சு. சனி பார்வை!

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காரைக் கழுவி பூஜை பண்றது என் வழக்கம். அதை இன்னும் பலமா பண்ண ஆரம்பிச்சேன்.

நடுவுல என் பொழப்பு ஒண்ணு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பி.எட். முடிச்சு மூணு வருஷமா வீட்ல. எத்தனையோ அப்ளிகேஷனுக்கு அப்புறம் பூந்தமல்லியில ஒரு ஸ்கூல்ல இன்டர்வியூ. சனிக்கிழமை பத்து மணி.

கார் வழியில நின்னுச்சு. பஸ் பிடிச்சுப் போய் சேர்ந்தப்போ பதினொண்ணேகால்.

ஹெச்.எம். மேடம் கடிகாரத்தைப் பார்த்தாங்க. "அடுத்த சனிக்கிழமைதான் கடைசி இன்டர்வியூ. பத்து மணிக்கு வர முடியலைன்னா வரவே வேண்டாம்."

வீட்டுக்கு வந்து அழுதேன். அந்தக் காரை உடைச்சு பேரீச்சம்பழத்துக்குப் போடுங்கன்னு அவர்கிட்ட கத்தினேன்.

"பஸ்லயே போயேன்"னார் அவர். அதைக் கேட்டிருக்கலாம். வீம்பு!

அந்த வெள்ளிக்கிழமை போட்ட பூஜை மாதிரி அதுக்கு முன்னாடி போட்டதே இல்ல.

சனிக்கிழமை எட்டு மணி. பட்டுப்புடவை, கையில ஃபைல். வண்டி குவார்ட்டர்ஸ் கேட்டைக்கூடத் தாண்டல. நின்னுடுச்சு!

பக்கத்துலயே ஒரு வண்டியைப் பார்க்க வந்திருந்த தாஸ் ஓடி வந்தார். இந்தத் தடவை பயத்தை விட்டுட்டு சென்சர்ல இருந்து ஒயரைப் பிடுங்கினார். மோந்து பார்த்தார்.

"இன்னா யக்கா, இன்ஜின் உள்ள கோயில் வாசனை வருது?"

ஒயர் முனையில மஞ்சளா, ஈரமா, வழவழன்னு சந்தனம்.

என் வீட்டுக்காரர் மெதுவா என் பக்கம் திரும்பினார். "அதுக்கா பொட்டு வச்சே?"

"உயிர்னு சொன்னாரேங்க! ஈரத்துணியால நல்லா துடைச்சு, சந்தனம் குழைச்சு..."

"எத்தனை வாரமா?"

"வெள்ளிக்கிழமை ஒண்ணு விடாம."

இன்ஜின் மேல பொட்டு இல்லாத வண்டி ஆவடியில ஏது? அதனால பார்த்த யாருக்கும் சந்தேகம் வரல. ஒயர் சொருகுற எடத்துல ரப்பர் கிழிஞ்சு, ஈரம் உள்ள போயிருக்கு. தாஸ் வர்றதுக்குள்ள இன்ஜின் சூட்டுல காஞ்சுடும். அந்த வெள்ளிக்கிழமை அப்பின சந்தனம் காயற அளவா?

தாஸ் தலையில கை வச்சுக்கிட்டு தரையிலயே உக்காந்துட்டார். "பாதி ஒயரை அறுத்துப்போட்டேனே யக்கா! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

துடைச்சு, ஊதி, மாட்டினார். ஸ்டார்ட்!

ஒன்பது ஐம்பத்தஞ்சுக்கு ஸ்கூல் வாசல். ஹெச்.எம். என்னைப் பார்த்தாங்க, கடிகாரத்தைப் பார்த்தாங்க, உட்காரச் சொன்னாங்க.

என்ன போஸ்ட்டுன்னு உங்ககிட்ட இன்னும் சொல்லலையே?

பிசிக்ஸ் டீச்சர். (சிரிங்க, பரவாயில்ல.)

முதல் கேள்வி: "மின்சாரத்தைக் கடத்துற பொருளுக்கு, புத்தகத்துல இல்லாத ஒரு உதாரணம் சொல்லுங்க."

"ஈரச் சந்தனம், மேடம்."

அவங்களுக்குப் புரியல. முழுக்கதையும் சொன்னேன். சிரிச்சு சிரிச்சு அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்லிட்டாங்க!

சாயங்காலம் அதே கார்ல கோயிலுக்குப் போய் சனி பகவானுக்கு எள்ளு தீபம் போட்டேன்.

வேண்டுதல் எல்லாம் இல்லீங்க. மன்னிப்பு!