மான் வண்டியில் சூரியனைப் பார்க்கப் போனது

ரங்கூனில் வெயிலைத் திட்டாதவர் கிடையாது. நானும் வாய் ஓயாமல் திட்டியவன்தான். ஒரே ஒரு குளிர்காலம் என் வாயை அடைத்துவிட்டது.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரங்கூன் அரிசியை ஏற்றிக்கொண்டு சீமைக்குப் போன கப்பலில் எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. ரங்கூனில் தாமுவே பேட்டையிலிருந்த வீட்டிலிருந்து புறப்படும்போது என் மனைவி, "தம்பிய நல்லபடியா கொண்டாந்து சேத்துருங்க" என்றாள்.

அரிசியை இறக்கியபின் கருவாடு ஏற்ற நார்வேயின் வடகோடியில் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். உப்பே போடாத கருவாடு. அதையும் தின்று உயிரோடிருக்கிறார்கள். அங்கே கப்பலைத் தள்ளும் அடி விசிறி உடைந்தது. பழுது பார்க்க மாதக்கணக்கில் கரையில் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

குளிர்காலத்தில் அந்த ஊரில் சூரியன் எழுவதே இல்லை. நடுப்பகலில் கொஞ்சம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். மச்சினன் முதலில் கேலி பேசினான். பிறகு பேச்சு குறைந்தது, சோறும் குறைந்தது. சூரியனே செத்த ஊரில் நாமும் சாகவேண்டியதுதான் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் இரண்டு வாரமாக எழவில்லை. காய்ச்சலா, புண்ணா, மருந்து கொடுக்க? தாமுவேயில் அவன் அக்கா முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

கப்பலுக்கு மீன் கொண்டுவரும் மான் வண்டிக்காரர், மறுநாள் உச்சிப்பொழுதில் மலைக்கு அந்தப்பக்கம் முதல் சூரியன் தலைகாட்டும், வண்டியில் கூட்டிப்போகிறேன் என்று கையாலும் அரைகுறை இங்கிலீஷிலும் சொன்னார். காலையில் மச்சினனைக் கெஞ்சி, திட்டி, தரதரவென்று இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி குடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்றாள் வண்டிக்காரரின் மனைவி. அவளும் சால்வை போர்த்தித் தயாராக இருந்தாள்.

பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீக்கும் என்பார்கள். ரங்கூன்காரன் பூட்ஸோடு ஒரு வீட்டுக்குள் நுழைவானா? இருவரும் வாசற்படியிலேயே, பனியிலேயே, கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். திரும்பி வந்தால் பூட்ஸ் இரண்டு ஜோடியும் உறைந்து மரக்கட்டை, கால் நுழையவில்லை. வேறு ஜோடி கிடையாது.

"பாத்தீங்களா மச்சான், போகக் கூடாதுன்னே இருக்கு" என்று மச்சினன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இன்று திரும்பிப் படுத்தால் இவனை இனி எழுப்ப முடியாது என்று எனக்குத் தெரிந்தது. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அந்தப் பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கணவரின் பழைய தோல் காலணியை எனக்குத் தந்தாள். பிறகு தன் காலில் இருந்ததைக் கழற்றி, உள்ளே காய்ந்த புல்லைத் திணித்து, மச்சினனின் காலில் தானே மாட்டிவிட்டாள். அவளும் இரண்டு மாதமாகச் சூரியனைப் பார்க்காதவள்தான். நாளைக்கும் வரும், நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று சைகை காட்டினாள்.

மான் வண்டி பனியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மேட்டில் ஊரே நின்றது. மலைகளுக்கு நடுவே ஒரு நகக்கீற்று அளவுக்குச் சூரியன் வந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள். மச்சினன் கைகூப்பி நின்றான். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. சற்று நேரத்தில் சூரியன் இறங்கிவிட்டது.

"மச்சான், அந்தம்மா பாக்கலையே. சீக்கிரம் போயி, சூரியன் வந்துருச்சுன்னு சொல்லணும்" என்றான்.

எழுந்திரு எழுந்திரு என்று இரண்டு வாரம் நான் கெஞ்சிய ஆள், அவள் காலணியோடு எனக்கு முன்னால் வண்டியை நோக்கி இறங்கி ஓடினான்.