பட்டியலில் ஏறிய அப்பாக்கள்

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று நாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறினால் பதிவு காலாவதி. பிள்ளைகளையும் பார்த்து, ராமநாதபுரம் கல்லூரியில் பாடமும் நடத்திக்கொண்டு நான் பட்ட ஏழு வருடப் பாடு வீணாகிவிடும். ஆனாலும் எனக்குத் துளிகூடப் பயமில்லை. என்னிடம் மென்பொருள் இருந்தது.

அது இரண்டாயிரத்து எட்டு வாக்கில். அதற்கு முன் என் குறிப்பெல்லாம் அட்டைகளில், செருப்புப் பெட்டிகளுக்குள் கிடந்தது. சென்னைத் தோழி ஒருத்தி என் கம்ப்யூட்டரில் இந்த மென்பொருளை ஏற்றித் தந்தாள். ஒரு கட்டுரையின் விவரத்தை ஒருமுறை தட்டி வைத்தால் போதும். வேண்டிய இடத்தில் மேற்கோள் போடும், கடைசிப் பட்டியலையும் தானே அடுக்கும். இருநூற்று நாற்பது அட்டைகளையும் ஏற்றி முடித்த அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

ஒரே இடத்தில்தான் இடித்தது. ஆசிரியர் பெயருக்கு அது இரண்டு கட்டம் கேட்டது: குடும்பப் பெயர், சொந்தப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கும், அவ்வளவுதான். நானோ அரைகுறை வேலை பிடிக்காதவள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை முழுசாகப் போட்டேன். தெரியாத இடத்தில் ஃபோன் போட்டு, “சார், உங்க இனிஷியலுக்கு விரிவு என்ன?” என்று கேட்டு வாங்கினேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை மதுரையில் என் வழிகாட்டிப் பேராசிரியர் ஏட்டைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்திலேயே கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, எங்கப்பா எப்ப மிளகாயப் பத்தி ஆராய்ச்சி பண்ணாரு? அவரு பாம்பன்ல ரயில்வே கார்டால்ல இருந்தாரு!”

குடும்பப் பெயரைத்தான் மென்பொருள் மேற்கோளுக்கு எடுக்குமாம். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது என்ற திமிரில் நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்துக் குண்டு ரகமான முண்டு மிளகாயின் பூ உதிர்வைப் பற்றிய என் ஏட்டில் நம் ஊர் ஆய்வாளர்கள் அத்தனை பேரும் காணாமல் போய், அவரவர் அப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பஸ் ஏறிய பிறகுதான் வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன்.

வீட்டில் அய்யா, அதாவது என் அப்பா, வந்திருந்தார். நயினார்கோவில் பக்கத்தில் மிளகாய் விவசாயம். பேரப்பிள்ளைகளுக்கு வத்தலும் கருப்பட்டியும் கொண்டுவந்திருந்தார். எட்டாவது வரை படித்தவர், இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிப்பார். புதன்கிழமை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அச்சடித்த பட்டியலில் விரல் வைத்து அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நான் அப்பா பெயரையும் சொந்தப் பெயரையும் கட்டம் மாற்றினேன். இங்கே மாற்றினால் ஏடு முழுக்கத் தானே மாறியது. ரயில்வே கார்டு இறங்கிப் பேராசிரியர் ஏறினார். இருவரும் சிரித்துச் சிரித்தே பாதியைத் தாண்டினோம். ஓரிடத்தில் அய்யாவின் விரல் நின்றது.

“ஏத்தா, இங்கன எம்பேரு கெடக்கு!”

“அதுவும் தப்புதாய்யா. நான் எழுதுன கட்டுரை அது.”

“என்ன எழுதியிருக்க?”

“மார்கழிப் பனியில எந்தச் செடி பூவக் கொட்டுது, எது தாங்குதுன்னு.”

“அட, அது நாஞ் சொன்னதுதான!” என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். “சரி, மாத்து. அடுத்த ஆளு யாரு?”

குறை சொல்லவில்லை, சந்தோஷப்பட்டார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. மிளகாய்க் காட்டில் அவர் காட்டிய செடிகளைத்தான் நான் அளந்தேன், எண்ணினேன். இருநூற்று நாற்பது பேரைத் தேடித் தேடிச் சேர்த்தவளுக்கு அய்யாவைச் சேர்க்கத் தோன்றவில்லை.

அந்தக் கட்டுரையை என் பெயருக்கு மாற்றினேன். பிறகு, மென்பொருளில் அதுவரை தொடாத ஒரு மேற்கோள் வகையைத் திறந்தேன்: நேரில் சொன்னது. அய்யாவின் பெயரை என் இனிஷியலாக இல்லாமல், சொன்னவர் பெயராகவே பதிந்தேன். மிளகாய் விவசாயி என்று சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியர் பட்டியலை மட்டும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு வரியில் பேனா நின்றது.

“இத மட்டும் விட்டுட்டியேம்மா. இது உங்கப்பா பேருல்ல?”

“ஆமா சார். இது தப்பில்ல, அவரேதான்.”

அந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.