ஏறும் குரலுக்கு வழி விடுங்கள்

மோடம் பார்க்கப் போகிற என் சக தொழிலாளிகளே, நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்: "நெட்டு வரலை" என்று கூப்பிடுகிற வீட்டில் பெரும்பாலும் நெட்டு வந்துகொண்டுதான் இருக்கும், தகராறு செய்வது வேறு ஏதோ ஒன்று.

போடியில் ஒரு கேபிள் ஆபீசில் ஒன்பது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். கதவைத் திறக்கிறவர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டி, ஆம்பளை யாராவது வருகிறாரா என்று தேடுவது சமீபத்தில்தான் நின்றது. அதற்குச் சிலமலை கிராமத்தில் ஒரு வீடும் காரணம்.

மத்தியானம் ஒரு மணி

அந்த வீட்டு மருமகள் செல்வி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவள். மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுத்து, டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. நெட்டில் பேசும் மேசை போன் ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். ஒரு மாதம் சோதனை. குரல் வெட்டி வெட்டிப் போனால் போனைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். அது தினமும் சரியாக மத்தியானம் ஒரு மணிக்கு வெட்டியது.

ஒரு மணிக்கு என்னதான் நடக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். குரங்கணிக்கு ஜீப் ஓட்டும் மாமனார் வேலுச்சாமி சாப்பிட வந்தார். அவர் வாசலில் கால் வைத்ததும் செல்போன் வீட்டு வைஃபையைப் பிடித்து, காலையில் எடுத்த மலை வீடியோக்களை எல்லாம் தானாகவே நெட்டில் மேலே அனுப்பத் தொடங்கியது. கேபிள் லைனில் கீழே இறங்கும் பாதை அகலம், மேலே ஏறும் பாதை குறுகல். செல்வியின் குரலும் அதில்தான் ஏற வேண்டும். ரவுட்டரில் குரலுக்கு முதலிடம் கொடுக்கும் வசதியைத் திறந்து, மேசை போனுக்கு ரவுட்டர் கொடுத்திருந்த முகவரி எண்ணை அதில் எழுதினேன். வேலுச்சாமிக்கும் விளக்கினேன். அவர் சிரித்துவிட்டார்: "இம்புட்டுத்தானா தாயி? ஏறுற வண்டிக்கு வழி விடணும்னு மலை ரோட்டுல ஓட்டுற எனக்கே பாடம் நடத்துறியே!"

டி.வி.க்குக் கிடைத்த மரியாதை

அடுத்த வாரம் காற்றில் கரண்டு போய் வந்தது. ரவுட்டர் உயிர் பெற்றதும் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தானாகவே ஒரு முகவரி கொடுக்கும், முந்திக் கேட்பவருக்கு முதலில். டி.வி. முந்திக்கொண்டு மேசை போனின் பழைய முகவரியை வாங்கிவிட்டது. நான் குரலுக்கென்று கொடுத்த முதலிடமும் அதோடு டி.வி.க்குப் போயிற்று. செல்வியின் குரல் மறுபடியும் வெட்டியது. தப்பு முழுக்க என்னுடையது, வெட்கமாகப் போய்விட்டது.

பஸ்சில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுபோல மேசை போனுக்கென்று ஒரு முகவரியை ரவுட்டரில் நிரந்தரமாகப் பிடித்துவைத்தேன். பத்து முறை சுவிட்சை அணைத்துப் போட்டும் இடம் மாறவில்லை. வேலுச்சாமிக்குத்தான் வருத்தம்: "ரெண்டு நாளா டி.வி. கண்ணாடி கணக்கா ஓடுச்சே, அதைப் போயி ஏன் ஆத்தா நோண்டுன?"

இரண்டாவது பெட்டி

செல்வியின் கணவன் முருகனுக்கு ஏலக்காய்க் கடையில் வேலை. மாடிக்கு சிக்னல் போதவில்லை என்று தேனியில் ஒரு பழைய ரவுட்டரை வாங்கி, எங்கள் ரவுட்டரோடு அவனே சொருகிவிட்டான். அதுவும் தன் பங்குக்கு முகவரி கொடுக்க ஆரம்பித்தது. ஒரே வரிசைக்கு இரண்டு பேர் டோக்கன் கொடுத்த கதையாகி, மேசை போன் தப்பான டோக்கனை வாங்கிக்கொண்டு பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. சோதனை முடிய மூன்று நாள்தான் இருந்தது. செல்வி செல்போனில் என்னைக் கூப்பிட்டு அழுதாள். போய், பழைய பெட்டி முகவரி கொடுப்பதை நிறுத்தி, சிக்னலை மட்டும் பரப்பும்படி மாற்றினேன். நாலு வார்த்தை திட்டலாம் என்று திரும்பினால் முருகன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்: "மாடியில சத்தம் இல்லாம உக்காந்து பேசுவாள்லக்கா, அதான் செஞ்சேன்."

கடைசி நாள்

அன்று ஆஸ்பத்திரி மேலதிகாரியே லைனில் இருந்து கேட்கப்போவதாகச் சொல்லியிருந்தார். ஒரு மணிக்கு நான் போனால், வேலுச்சாமி வீட்டுக்குள் போகாமல் செல்போனை அணைத்துவிட்டு வாசலில் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். "மருமக சோலி தாயி. ஒருநாளு பட்டினி கெடந்தா என்ன?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் போட்டுக்கொடுத்த லைனை நம்பி ஒரு மனிதர் தன் வீட்டில் சோறு சாப்பிட முடியாதா? உள்ளே போய், "இன்னைக்குத் தப்பிச்சாலும் நாளைக்கு அவரு உள்ள வரணுமே செல்வி" என்றேன். அவள் வாசலுக்குப் போய், "உள்ள வாங்க மாமா. செல்லை ஆன் பண்ணிட்டே வாங்க" என்றாள்.

வீடியோக்கள் ஏறத் தொடங்கின. டி.வி.யும் ஓடியது. மேசை போன் அடித்தது. கண் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டு ஒரு பெண். செல்வி மலையாளத்தில் நிதானமாகப் பேசினாள். வேலுச்சாமி தட்டில் கை வைக்காமலே உட்கார்ந்திருந்தார். முழுப் பேச்சிலும் ஓர் எழுத்துகூட உதிரவில்லை.

அந்தப் பெண் வைத்ததும் மேலதிகாரி பேசினார். அவரும் நம்மூர்ப் பக்கத்துத் தமிழர்தான். செல்வி ஸ்பீக்கரைத் தட்டினாள். "செல்வி, வேலை உங்களுக்குத்தாம்மா. அந்த லைனைப் போட்டவரு யாரு? எங்க ஆபீசுக்குள்ளயே குரல் இவ்வளவு சுத்தமா கேக்காதே!"

இந்த வார்த்தையை யாரிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள், எங்கள் டவுன் பஸ் கண்டக்டர் இப்போது என்னைக் கண்டாலே டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய்விடுகிறார்.