நாற்பது வினாடி அப்பா

"இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?" என்று கேட்டவர், நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வில்லையை மாற்றிவிட்டார். முன்னதுதான் தெளிவு என்று நான் சொன்னபோது, அவர் கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கண்ணாடிக்கடைக்காரருக்கு எங்கள் தெரு வைத்திருக்கும் பெயர் பம்பரம். நின்றுகொண்டு சாப்பிடுவார், நடந்துகொண்டு பேப்பர் படிப்பார். கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் எப்போதும் அவருடைய குடைதான் உட்கார்ந்திருக்கும்.

ஒரு வாரமாகப் பம்பரம் கயிறே இல்லாமல் சுற்றுகிறது. காரணம் ஒரு படம். இருபது வயதிலிருந்து அவர் கொண்டாடிவரும் பழைய படத்தை இப்போது புதிதாக எடுத்திருக்கிறார்கள். வேறு யாராவது கைவைத்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். ஆனால் புதுப் படத்தின் எடிட்டர் அவருடைய ஒரே மகள். அவளுக்கு இதுதான் முதல் படம். "எப்படிப்பா இருந்துச்சு?" என்று அவள் ஃபோனில் கேட்டு ஏழு நாளாகிறது. "ஞாயித்துக்கிழமை வா, நேர்ல சொல்றேன்" என்று மழுப்பிவிட்டு, மூன்று முறை தியேட்டருக்குப் போய் வந்துவிட்டார் மனிதர்.

கண் பவர் எழுதும் சீட்டுகளின் பின்பக்கத்தில் பட்டியல் வளர்ந்தது. பழையதில் கதவு நீலம், புதியதில் பச்சை. பழையதில் தங்கை தும்முவாள், புதியதில் தும்மவில்லை. "ஒரு தும்மல்கூட வேணாமாமா இவங்களுக்கு?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். முப்பத்தெட்டு வித்தியாசங்களில் முப்பத்தேழை மன்னித்துவிடுவாராம். மிச்சம் ஒன்றுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. வீட்டை விட்டுப் போன மகள் திரும்பி வருவாள் என்று அப்பா பஸ் நிலையத்தில் காத்திருக்கும் காட்சி. பழைய படத்தில் அது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தைப் பற்றிப் பேசாத ரசிகர் கிடையாது. புதியதில் நாற்பதே வினாடி.

"படத்தோட உசுரே அதுதான் சார். அதுலயா கத்திரி வைப்பா? பொய் சொல்லவும் வாய் வரல. உள்ளதைச் சொன்னா அவ தாங்குவாளான்னும் தெரியல."

ஞாயிறு மதியம் மகள் வந்தாள். பக்கபலமாக என்னையும் கூப்பிட்டிருந்தார். யாருக்குப் பக்கபலம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. செருப்பைக் கழற்றும்போதே, "சொல்லுங்கப்பா" என்றாள். முகம் வெளுத்திருந்தது. கூடத்தை நான்கு முறை அளந்துவிட்டு அவர் கொட்டிவிட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்க. ஆனா அந்த மனுஷனைக் காத்திருக்க விடலையேம்மா நீ."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். எனக்கே அவர்மேல் கோபம் வந்தது.

"டைரக்டர் நீளமா வேணும்னுதான் சொன்னாரு. நான்தான் சண்டை போட்டு வெட்டினேன்" என்றாள். "உங்ககூட எத்தனை தடவை அந்தப் படம் பார்த்திருக்கேன்? அந்தக் காட்சி வந்தா போதும், தண்ணி குடிக்கப் போயிடுவீங்க. எனக்குத் தெரிஞ்சு ஒரு தடவைகூட முழுசா உட்கார்ந்ததில்ல. நீங்க எந்திரிக்கிற இடம் எனக்கு மனப்பாடம்ப்பா. சரியா அங்கதான் வெட்டினேன்."

"நானா?" என்றார்.

"பின்ன, நானா?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பழைய படத்தை டிவியில் போட்டு, அந்தக் காட்சிக்கு ஓட்டிவிட்டு, மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்தது, போனது. பெஞ்சில் அந்த அப்பா. நாற்பது வினாடி ஆகியிருக்கும். இவருடைய முழங்கால் ஆடத் தொடங்கியது. பாதி எழுந்தும்விட்டார். பிறகு அப்படியே உட்கார்ந்து, மறுபடி எழுந்துவிடாமல் இருக்க, மகளின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.